மேசையில் இரண்டு தட்டல்

செங்கல்பட்டு
7.6.2025

வச்சலா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் உனக்கு எரிச்சல்தான் வரும். அதனால் கேட்கவில்லை. ஃபோனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அதையும் வெட்டிவிட்டாய். இனி யார் ஃபோனை இரவல் கேட்பது? பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியதோடு சரி, கையெழுத்து இப்படித்தான் இருக்கும், சிரிக்காதே.

நம் கம்பெனி பஸ் இரவில் உங்கள் ஊரில் நிற்பது இப்போது வசதியாகப் போயிற்று. தேசப்பன் அண்ணனிடம் ஒரு கடிதம் தருகிறேன், உன்னிடம் சேர்த்துவிட வேண்டும் என்றேன். "நா பஸ்ஸு ஓட்றனா, தபாலு ஓட்றனா?" என்றார். கூடவே பக்ரீத் பிரியாணியும் வரும், டிரைவருக்கும் ஒரு டப்பா உண்டு என்றதும், வண்டி எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறது என்று ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் யார் தப்பும் இல்லை வச்சலா. வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் வந்து லைனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து நீ கயிற்றை இழுத்தாய். லைன் நின்றது. சதாசிவம் சார் ஓடி வந்து பார்த்தார். பொருளில் குறை ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் ஆயிற்றே, அத்தனை பேர் முன்னால் அவர் முகம் செத்துப்போயிற்று. மறுநாள் உன்னைக் கேட்டிலேயே நிறுத்தி பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீயும் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்.

உன் இடத்தில் தெய்வநாயகி என்று ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல பெண்தான். ஆனால் பக்கத்தில் நீ இல்லாமல் எனக்கு ஷிஃப்ட் நகர மாட்டேன் என்கிறது. பிளாக்கை எடு. பேசினால் தீர்ந்துவிடும்.

ஷபானா


குப்பம், மாமல்லபுரம்
10.6.2025

ஷபானா மேடம் அவர்களுக்கு,

பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரியாணியை அம்மாவும் அண்ணனும் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை. வாசனை வீடு முழுக்க இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

யார் தப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழுத் தலைவியாகப் போகிறவர் அல்லவா, மறதி வந்திருக்கும். ஞாபகப்படுத்துகிறேன்.

நாம் காருக்கு வயர் கட்டுகிறோம். நீலச் சட்டை போட்டால் பர்மனென்ட். சாம்பல் சட்டை போட்டால் ஏஜென்சி ஆள். ஆனால் எல்லோர் தலைக்கு மேலும் ஒரே மஞ்சள் கயிறுதான் தொங்குகிறது. குறை கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் நிற்கும், எச்சரிக்கைப் பாட்டு அடிக்கும், போர்டில் நம்பர் எரியும் என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நீலச் சட்டை இழுத்தால் கைதட்டுகிறார்கள். சாம்பல் சட்டை இழுத்தால் அடுத்த மாதம் பாஸ் வராது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

அதனால்தானே அந்த வழக்கம். சாம்பல் சட்டை குறையைப் பார்த்தால் ஸ்குரூடிரைவரால் மேசையில் இரண்டு தட்டு தட்டும். பக்கத்து நீலச் சட்டை கயிற்றை இழுக்கும். மூன்று வருஷமாக நான் தட்டினேன், நீங்கள் இழுத்தீர்கள். வாசல் சுவரில் 'தர நட்சத்திரம்' என்று உங்கள் ஃபோட்டோவை மாட்டினார்கள். அதில் சிரிக்கிற பல் உங்களுடையது, கண் என்னுடையது.

அன்றைக்கு ஏர்பேக்குக்குப் போகும் கனெக்டர். லாக் உட்காரும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை. பார்த்தேன், பாதி திறந்திருந்தது. காரில் போகிற யாரோ ஒருவருடைய உயிர் அது. இரண்டு தட்டு தட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தீர்கள், கையைக் கீழேயே வைத்துக்கொண்டீர்கள். மறுபடி தட்டினேன். பொருள் நகர்ந்துகொண்டே இருந்தது. நானே எட்டி இழுத்தேன். இழுத்துவிட்டுத் திரும்பினால் உங்கள் கட்டைவிரல் அந்த கனெக்டர் மேல் இருக்கிறது. டிக் என்று கேட்டது. பாழாய்ப்போன அந்தப் பாட்டுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

சதாசிவம் வந்தபோது லாக் சமர்த்தாக மூடியிருந்தது. "தெறந்திருந்துச்சி சார்" என்றேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் உங்கள் ஷூவைப் பார்த்தீர்கள்.

வேண்டுமென்றே லைனை நிறுத்தினாள், ஒழுங்கீனம் என்று ஏஜென்சிக்காரன் கம்ப்யூட்டரில் என் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டான். இனி இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி வாசலிலும் என்னை ஏற்ற மாட்டார்கள். நீலச் சட்டைக்காவது விசாரணை என்று ஒன்று உண்டு. எங்களுக்கு அதுவும் கிடையாது. நீங்கள் சதாசிவத்திடம் போய், லாக் திறந்திருந்தது, மூடியது நான் என்று சொன்னால் போதும். பிரியாணி வேண்டாம்.

வச்சலா


செங்கல்பட்டு
15.6.2025

வச்சலா,

என் கட்டைவிரலை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்தேன். பால் தீய்ந்து, மாமியார் வந்துதான் அடுப்பை அணைத்தார்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நீ தட்டினாய், குறை இருக்கிறது, லைனை நிறுத்தாமலே சரிசெய்துவிடலாம் என்று கை தானாகப் போயிற்று. உனக்கு உதவி என்றுதான் நினைத்தேன். நீயே எட்டி இழுப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சாம்பல் சட்டை யாரும் இழுத்து நான் பார்த்ததே இல்லை.

சதாசிவம் சாரிடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பாய். குழுத் தலைவி ஆர்டர் இந்த மாதம் வரவேண்டும். இந்த நேரத்தில் என் பக்கம் லைன் நின்றால் அது என் கணக்கில் ஏறும். நானும் ஆறு வருஷம் சாம்பல் சட்டை போட்டவள் வச்சலா. நீலச் சட்டைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு, முட்டை தீர்ந்துபோன கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டவள். நீலச் சட்டை கைக்கு வந்த அன்று அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதைக் கழற்றச் சொன்னால் என்னால் முடியுமா தெரியவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நான் சொன்னால் தட்டுகிற வழக்கமும் வெளியே வரும். தெய்வநாயகிக்கும் மற்ற பெண்களுக்கும் இருக்கிற ஒரே வழி அது. அதையும் அடைத்துவிடுவார்கள். இப்போதே நிலைமை சரியில்லை. நீ போனதிலிருந்து யாரும் தட்டுவதில்லை. நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒரு தட்டல் கூடக் கிடையாது. எல்லாம் சரியாகத்தான் வருகிறதா, குறையோடு போகிறதா, ஒன்றும் புரியவில்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது.

கூடுவாஞ்சேரியில் என் கொழுந்தனாரின் ஜவுளிக்கடையில் பெண்கள் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்கள். உட்கார ஸ்டூல் உண்டு. சொல்லி வைத்திருக்கிறேன். கோபப்படாமல் யோசி.

ஷபானா


குப்பம், மாமல்லபுரம்
19.6.2025

ஷபானா அக்காவுக்கு,

ஜவுளிக்கடை வேண்டாம்.

உதவி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உதவியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். காலையில் பஸ் எங்கள் ஊரிலிருந்து காலியாகக் கிளம்பும். ஜன்னலோரம் உட்காருவேன். திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றில் நீலச் சட்டைகள் ஏறுவீர்கள். நாங்கள் எழுந்து நின்றுகொள்வோம். அதுவும் யாரும் எழுதி ஒட்டாத சட்டம்தான். நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "பையக் குட்றி, நா வெச்சிக்கிறேன்" என்பீர்கள். மூன்று வருஷம் என் பை உங்கள் மடியில் உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன். அதை அன்பு என்று நினைத்தேன். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாளாவது நீ உட்கார் என்று சொன்னீர்களா?

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கேஸ் சிலிண்டரை மாற்றினால் ரெகுலேட்டர் டிக் என்றதா என்று காதை வைக்கிறேன். குக்கர் மூடி, பீரோ கதவு, அண்ணன் பைக் பூட்டு, எதையும் விடுவதில்லை. அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். "இன்னாடி, எத்தப் பாத்தாலும் காத வெச்சிகினு கீற" என்றாள். கடலிடம் போய் உட்காரலாம் என்றால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. எந்த இடத்திலும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறது.

சிங்கப்பெருமாள்கோயிலில் வேறொரு ஏஜென்சிக்குப் போனேன். ஆதார் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கயிறு இய்த்த பொண்ணு நீதானா?" என்று சிரித்தான். திரும்பி வரும் வழியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அந்த லாக் நிஜமாகவே திறந்திருந்ததா என்று. கண்ணால் பார்த்தவள் நான், காதால் கேட்டவள் நான், எனக்கே சந்தேகம். வேலை போனதைவிட அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, குறை இருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியை எடுத்துப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டு என்கிறான் அண்ணன். காட்ட மாட்டேன். எனக்கு எழுதியதை நீங்கள் வாயால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அதையாவது ஒழுங்காக எழுதுங்கள். தெய்வநாயகியைச் சாக்காகக் காட்டாதீர்கள்.

வச்சலா


செங்கல்பட்டு
28.6.2025

வச்சலா,

உன் கடிதம் வந்த பிறகு மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தேசப்பன் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும்.

கயிறு இழுப்பது குறைந்துபோனது மேலே வரை தெரிந்துவிட்டது. கார் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வயர் திரும்பி வந்திருக்கிறது. ஷீலா மேடம், அதுதான் நம் எச்.ஆர்., எல்லோரையும் நிறுத்திப் பேசினார். பயமில்லாத பணியிடமாம். கேக் வெட்டினார்கள். கயிறு உங்கள் உரிமை என்று எழுதிய பேட்ஜைச் சாம்பல் சட்டைகளுக்கும் குத்தினார்கள். தெய்வநாயகி பேட்ஜோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். அன்று முழுவதும் அவள் ஸ்குரூடிரைவர் மேசையில் படவே இல்லை. ஒரு முறை அவள் கை ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன். என்னடி என்று கண்ணால் கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் பொருளை நகர்த்திவிட்டாள். என்னை நம்பவில்லை. நான் இழுக்க மாட்டேன் என்று நினைக்கிறாளா, கட்டைவிரலை வைப்பேன் என்று நினைக்கிறாளா தெரியவில்லை.

ஆறாம் தேதி ஞாயிறு குடும்ப விழா. உங்கள் பக்கத்தில் கடலோரம் ஒரு ரிசார்ட்டில். காலையில் நீலச் சட்டைகளுக்கு முட்டுக்காட்டில் படகு சவாரி. சாம்பல் சட்டைகள் நேராக மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் போதுமாம். அங்கே மேடையில் வைத்துத்தான் எனக்கு ஆர்டர் தரப் போகிறார்கள். கயிற்றை இழுக்கும் தைரியம் பற்றி நான் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். ஷீலா மேடமே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சதாசிவம் சார் அறை வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். மாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. சொல்லிவிட்டேன் என்று எழுதவும் முடியவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்க வந்து பேனா நின்றுவிட்டது. நீ என்ன செய்வாய் என்பதைத்தான் செய்தே காட்டிவிட்டாயே.

ஷபானா


குப்பம், மாமல்லபுரம்
7.7.2025

அக்கா என்று போட மனம் வரவில்லை. நீங்கள் என்றும் வரவில்லை.

நேற்று நான் அங்கேதான் இருந்தேன். உங்கள் விழாச் சாப்பாட்டுக்கு நண்டும் வஞ்சிரமும் அம்மாதான் கொடுத்தாள். கூடை கனம் என்று நானும் போனேன். கம்பெனி எது என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

பின்பக்கக் கதவில் நிறுத்தினார்கள். அங்கிருந்து புல்தரை தெரிந்தது. கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஷீலா மைக்கில், "பயப்படாம இழுங்க, பயப்படாம இழுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம். சாம்பல் சட்டைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அப்போது நீ திரும்பினாய். பட்டுப் புடவை, தோளில் 'நட்சத்திரம்' என்று எழுதிய ரிப்பன். என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று பொய் சொல்லாதே, கண்ணும் கண்ணும் பார்த்தோம். அப்புறம் ரிப்பனைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய்.

செக்யூரிட்டி, மீன் இறக்கியாச்சு இல்லையா, கிளம்புங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டான். ரோட்டுக்கு வரும்போது உன் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. உன் பேச்சைக் கேட்டிருந்தால் கூடையோடு உள்ளே வந்திருப்பேன்.

தலைவி ஆகிவிட்டாய், சந்தோஷம். இனி எழுத வேண்டாம். தேசப்பன் அண்ணனிடமும் சொல்லிவிடுகிறேன்.

வச்சலா


செங்கல்பட்டு
9.7.2025

வச்சலா,

தேசப்பன் அண்ணன் இதை வாங்க மாட்டேன் என்றார். "அது வாணாம்னு சொல்லிச்சிம்மா, எனுக்கு ஏன் இந்த பேஜாரு" என்றார். ஒரே ஒரு தடவை என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். படித்துவிட்டு நீ கிழித்துப் போடு.

உன்னைப் பார்த்தேன். திரும்பிக்கொண்டேன். அதற்குக் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை.

மேடையில் ஏறினேன். ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்ததில் முதல் வரி மட்டும் ஞாபகம் வந்தது. பின்பக்கக் கதவைப் பார்த்தேன், நீ இல்லை. சொன்னேன்:

"நா இய்த்த கயிறு பாதி வச்சலா தட்டுனது. அன்னிக்கி அந்த லாக்கு தெறந்துதான் இருந்துச்சி. மூடுனது நானு. அவ தப்பா இய்க்கல."

என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள் வச்சலா. நீலச் சட்டைகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் நன்றாகக் கைதட்டினார்கள். ஏதோ அடக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஷீலா மேடம் மைக்கை வாங்கி, எவ்வளவு பெரிய மனசு பாருங்கள், வாங்க சாப்பிடப் போகலாம் என்றார். சாம்பல் சட்டைகள் மட்டும் கைதட்டவில்லை. தெய்வநாயகி எழுந்தே நின்றுவிட்டாள். சதாசிவம் சாருக்கும் புரிந்தது. அவர் சாப்பிடாமல் போய் காரில் உட்கார்ந்துகொண்டார்.

கைதட்டலோடு போய்விடும் என்று தெரிந்ததால் திங்கட்கிழமை காலையில் நானே ஷீலா மேடம் அறைக்குப் போய் மறுபடி சொன்னேன். உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை. உன் பெயர் பக்கத்தில் இருக்கிற ஒழுங்கீனம் என்ற அந்த வார்த்தையை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது ஏஜென்சி விவகாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார். திரும்பி வந்த பெட்டியில் எத்தனை லாக் திறந்திருந்தது, அதற்கும் சம்பந்தமில்லையா என்று கேட்டேன். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது தெரியவில்லை. இந்தப் பேச்சு கேட்டுக்கு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஏஜென்சிக்கு ஃபோன் போட்டார். உன்னைக் கூப்பிடுவார்கள். புது ஆளாகத்தான் சேர்ப்பார்களாம். மூன்று வருஷத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் என்னால் பிடுங்க முடியவில்லை.

ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், வேறு பஸ். வாசலில் என் ஃபோட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. சட்டை நீலம்தான், அதைக் கழற்றச் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளும்போது முன்போல் இல்லை.

நான் பயந்ததும் நடந்துவிட்டது. நேற்று லைனில் எல்லா மேசைக்கும் தடியான ரப்பர் விரித்துவிட்டார்கள். கருவி சத்தம் தொந்தரவாம். இனி தட்டினால் யாருக்கும் கேட்காது. அந்தப் பெண்களுக்கு நான் செய்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நீ திரும்பிப் போனால் என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

ஷபானா


குப்பம், மாமல்லபுரம்
24.7.2025

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

ஏஜென்சியில் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் அந்த வார்த்தை இல்லை என்று திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் வேலை செய்த இடத்தில், கழிவறை இந்தப் பக்கம் என்று எனக்குச் சுற்றிக் காட்டினார்கள். நானும் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ராட்டினங்கிணற்றில் நீலச் சட்டைகள் ஏறினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திரு என்று சொல்லவும் இல்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரியை அதிசயமாகப் பார்த்தார்கள். தேசப்பன் அண்ணன் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தார். என் பை என் மடியிலேயே இருந்தது. அது எனக்கு என்னவோ போல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மேடையில் சொன்னதை தெய்வநாயகி வரி வரியாகச் சொன்னாள். நான் ரோட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அதில் எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். கட்டைவிரலை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அது இன்னும் ஆகவில்லை.

இனி நேற்று நடந்ததைக் கேளுங்கள். அதே ஏர்பேக் கனெக்டர். டிக் வரவில்லை. என் கை பழக்கத்தில் ஸ்குரூடிரைவரை எடுத்து இரண்டு தட்டு தட்டிவிட்டது. ரப்பரில் தட்டினால் என்ன கேட்கும்? எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் பிரபாவதி என்று ஒரு நீலச் சட்டை, கூடுவாஞ்சேரிக்காரர். அவர் தலையைத் தூக்கவில்லை. கேட்டிருந்தாலும் தூக்கியிருப்பாரா தெரியாது. தெய்வநாயகி அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ் போனால் அம்மாவிடம் இரண்டாவது தடவை என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அப்புறம் கயிற்றை இழுத்தேன். லைன் நின்றது, பாட்டு அடித்தது, என் நம்பர் எரிந்தது.

இந்தத் தடவை பொருளை மேசையில் வைக்கவில்லை. கனெக்டரை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். யாரும் தொட முடியாத உயரத்தில், திறந்த லாக் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. சதாசிவம் ஓடி வந்து, "கீழ எறக்கும்மா" என்றார். "நீங்க பாருங்க சார், அப்பால எறக்குறேன்" என்றேன். அண்ணாந்து பார்த்தார். திறந்திருந்தது. குறை என்று குறிக்கும் மஞ்சள் டேப்பை எடுத்து அவரே ஒட்டினார். யாரும் கைதட்டவில்லை, அதுவே நிம்மதியாக இருந்தது.

மதியத்துக்கு மேல் மறுபடி பாட்டு அடித்தது. திரும்பிப் பார்த்தால் தெய்வநாயகி. கயிற்றை இழுத்துவிட்டு, பொருளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாள். சதாசிவம் வந்து பார்க்கும்வரை இறக்கவில்லை. இன்று காலையில் இன்னும் ஒருத்தி. அடுத்த மாதம் எங்களில் யாருக்கு பாஸ் வரும், யாருக்கு வராது என்று தெரியாது. இராத்திரி தூக்கம் சரியாக இல்லை. ஆனால் கேஸ் ரெகுலேட்டரில் காது வைப்பதை விட்டுவிட்டேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுதித்தான் அனுப்புகிறேன். ஃபோனில் உங்கள் குரலைக் கேட்டால் சண்டை போட்டுவிடுவேன், அல்லது அழுதுவிடுவேன், ஒன்றும் சொல்ல முடியாது. சங்கரா மீன் குழம்பு ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். பாத்திரத்தைக் கழுவ வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பாட்டு சுவரைத் தாண்டி பேக்கிங் வரைக்கும் கேட்டதா, அக்கா?

வச்சலா